போரை நிறுத்தக் கை தூக்கியவர்
பி.என்.ராவின் வாழ்க்கை வரலாறு

1950-ம் ஆண்டு ஜூன் மாதம் 25-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் நியூயார்க் நகருக்கு வெளியே லேக் சக்சஸ் என்ற இடத்தில் ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் அவசர அவசரமாகக் கூடியது. போர்க்காலத்தில் யுத்தக் கருவிகள் செய்த தொழிற்சாலைக் கட்டிடம் அது. அப்போது ஐ.நா. சபைக்குச் சொந்தக் கட்டிடம் தயாராகவில்லை. யுத்தத் தளவாடம் செய்த இடத்தில்தான் சமாதானம் பற்றிப் பேசி வந்தார்கள்.

அன்று அதிகாலையில் வடகொரியப் படைகள் 38-வது அட்சரேகையைத் தாண்டித் தென்கொரியாவுக்குள் புகுந்துவிட்டன. மூன்றாவது உலகப் போர் மூண்டு விடுமோ என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்தது.

கவுன்சிலுக்கு மாதம் ஒரு நாடு தலைமை வகிக்கும். ஜூன் மாதம் இந்தியாவின் முறை. தலைவர் ஆசனத்தில் 63 வயதான ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். மெலிந்த உடல், தாழ்ந்த குரல். அவர்தான் பெனகல் நரசிங்க ராவ். சுருக்கமாக பி.என்.ராவ்.

மங்களூரில் பிறந்து, சென்னையில் படித்து, வங்காளத்தில் உத்தியோகம் பார்த்தவர் அவர். இந்திய அரசியல் சட்டத்தின் முதல் நகலை எழுதியவரும் அவரே. அடுத்த எட்டு மாதங்களில், ஒரே போரைப் பற்றிய தீர்மானங்களுக்கு ஆதரவாகவும், நடுநிலையாகவும், எதிராகவும் ஓட்டுப் போடப் போகிறார் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

மங்களூர் டாக்டர் வீட்டுப் பிள்ளை

1887-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி மங்களூரில் நரசிங்க ராவ் பிறந்தார். தந்தை பெனகல் ராகவேந்திர ராவ் ஒரு டாக்டர். அன்று தென்கன்னடம் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். எனவே மங்களூர்ப் பையன் மேல்படிப்புக்குச் சென்னைக்கு வருவது சகஜம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் நரசிங்க ராவ் ஆங்கிலம், பௌதிகம், சமஸ்கிருதம் ஆகிய மூன்றிலும் முதல் வகுப்பில் தேறினார். அரசு உதவித்தொகை கிடைத்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிடி கல்லூரியில் சேர்ந்து, கணிதத்தில் உயர்ந்த தேர்ச்சி பெற்றார். அதே காலத்தில் அதே கல்லூரியில் ஜவகர்லால் நேருவும் படித்தார்.

குடும்பமே கெட்டிக்காரக் குடும்பம். ஒரு தம்பி பெனகல் ராமராவ், பின்னாளில் ரிசர்வ் வங்கியின் கவர்னர் ஆனார். இன்னொரு தம்பி சிவராவ் பத்திரிகையாளர், பாராளுமன்ற உறுப்பினர். சென்னையில் தொழிற்சங்க இயக்கத்தின் ஆரம்ப நாட்களில் தொழிலாளர்களுக்காகப் பாடுபட்டவர் இவர்.

ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறிய நரசிங்க ராவுக்கு வங்காள மாகாணத்தில் வேலை கிடைத்தது. நீதித்துறைக்கு மாறி, கிழக்கு வங்காளத்திலும் அசாமிலும் ஜில்லா நீதிபதியாக இருந்தார். பிறகு கல்கத்தா ஐகோர்ட்டு நீதிபதியானார். சிந்து நதி நீர் பற்றி பஞ்சாபுக்கும் சிந்து மாகாணத்துக்கும் இடையே எழுந்த தகராறை விசாரித்த கமிஷனுக்கு அவர்தான் தலைவர். இந்துச் சட்டத்தைச் சீர்திருத்த அமைத்த கமிட்டிக்கும் அவரே தலைவர். சில காலம் காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாகவும் இருந்தார்.

இரண்டு தரப்பையும் கேட்பது, ஒவ்வொரு வார்த்தையையும் எடை போடுவது, அவசரத்தில் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது ஆகிய மூன்றும் நீதிபதி வேலையில் அவருக்குப் பழகிப் போயிருந்தன.

அரசியல் சட்டத்தின் முதல் நகல்

1946-ல் அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகராக ராவ் நியமிக்கப்பட்டார். 1947 அக்டோபரில் 243 பிரிவுகளும் 13 அட்டவணைகளும் கொண்ட முதல் நகலை அவர் தயாரித்துக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டுதான் டாக்டர் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு வேலையைத் தொடங்கியது. பர்மா நாட்டு அரசியல் சட்டத்தை எழுதவும் ராவ் உதவி செய்தார்.

அரசியல் சட்டம் அமலுக்கு வந்த 1950-ம் ஆண்டில், இந்தியா பாதுகாப்புக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தது. அங்கே இந்தியாவின் பிரதிநிதியாக ராவ் அமர்ந்தார். வாழ்நாளெல்லாம் சட்டப் புத்தகங்களோடு இருந்தவர், போர் முனைச் செய்திகளுக்கு நடுவே வந்து சேர்ந்தார்.

காலி நாற்காலி

அன்று கவுன்சிலில் 11 நாடுகள். தீர்மானம் நிறைவேற 7 ஓட்டு வேண்டும். ஆனால் அமெரிக்கா, ரஷியா, பிரிட்டன், பிரான்சு, சீனா ஆகிய ஐந்து வல்லரசுகளில் எந்த ஒன்று எதிர்த்தாலும் தீர்மானம் செத்துப்போகும். இதுதான் ரத்து அதிகாரம்.

ஜூன் 25-ந் தேதி ரஷியாவின் நாற்காலி காலியாக இருந்தது. சீனாவில் கம்யூனிஸ்டு ஆட்சி வந்த பிறகும், ஐ.நா.வில் சீனாவின் இடத்தைப் பார்மோசாத் தீவுக்கு ஓடிய சியாங் கே ஷேக்கின் அரசே வைத்துக்கொண்டிருந்தது. அதை ஆட்சேபித்து ஜனவரி மாதத்திலிருந்தே ரஷியா கூட்டங்களுக்கு வரவில்லை. அன்று ரஷியப் பிரதிநிதி வந்திருந்தால் ஒரே ஓட்டில் தீர்மானத்தைக் கொன்றிருக்கலாம்.

உடனே சண்டையை நிறுத்த வேண்டும், வடகொரியப் படைகள் 38-வது அட்சரேகைக்குத் திரும்ப வேண்டும் என்பது தீர்மானம். ஆதரவு 9 ஓட்டு. எதிர்ப்பு இல்லை. யூகோசுலாவியா நடுநிலை வகித்தது. ராவ் ஆதரவாக ஓட்டளித்தார். ஒரு நாட்டின் மீது இன்னொரு படை பாய்வது தவறு என்பதில் இந்தியாவுக்குச் சந்தேகம் இல்லை.

தந்தி வரவில்லை

சண்டை நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ஜூன் 27-ந் தேதி, கவுன்சில் மறுபடியும் கூடியது. தென்கொரியாவுக்கு உறுப்பு நாடுகள் உதவி அளிக்க வேண்டும் என்று அமெரிக்கா தீர்மானம் கொண்டுவந்தது. உதவி என்றால் படை உதவி. விஷயம் முற்றிவிட்டது.

ஐ.நா.வில் கை தூக்குபவர் தம் சொந்த விருப்பத்துக்குத் தூக்க முடியாது. தலைமை அலுவலகத்தின் உத்தரவு இல்லாமல் கிளை அலுவலகக் குமாஸ்தா கையெழுத்துப் போட முடியாது அல்லவா? அதுபோலத்தான். டெல்லியிலிருந்து உத்தரவு வர வேண்டும். எகிப்தின் பிரதிநிதிக்கும் அதே நிலை.

தலைவர் ஆசனத்தில் இருந்த ராவ் உத்தரவுக்காகக் காத்திருந்தார். கூட்டம் மணிக்கணக்கில் தள்ளிப்போனது. இரவாகியும் உத்தரவு வந்து சேரவில்லை. கடைசியில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 7. எதிர்ப்பு 1, யூகோசுலாவியா. இந்தியாவும் எகிப்தும் ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. ரஷியா அன்றும் வரவில்லை. தேவையான 7 ஓட்டு சரியாகக் கிடைத்து தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஒரு ஓட்டுக் குறைந்திருந்தால் தோற்றிருக்கும்.

ஜூன் 29-ந் தேதி டெல்லி அரசு அந்தத் தீர்மானத்தை ஏற்பதாக அறிவித்தது. ஆனால் இந்தியா சண்டைக்குப் படை அனுப்பவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ் தலைமையில் 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவை அனுப்பியது. காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடுவதே அதன் வேலை.

ஜூலை 7-ந் தேதி, அமெரிக்கத் தலைமையில் ஐ.நா. கொடியின் கீழ் கூட்டுப்படை அமைக்கும் தீர்மானம் வந்தது. ஆதரவு 7, எதிர்ப்பு இல்லை, இந்தியா, எகிப்து, யூகோசுலாவியா நடுநிலை. படை அனுப்பாத நாடு, படைத் தலைமை பற்றி ஓட்டளிக்காமல் ஒதுங்கியது.

ஓட்டளிக்காமல் இருப்பதிலும் வகை உண்டு. வராமல் இருப்பது ஒன்று. வந்திருந்தும் கலந்துகொள்ளாமல் இருப்பது இன்னொன்று. நடுநிலை என்று பதிவு செய்வது மூன்றாவது. ரஷியா செய்தது முதல் வகை. ராவ் பத்தே நாளில் மற்ற இரண்டையும் செய்ய நேர்ந்தது.

எல்லையைத் தாண்டாதே

ஆகஸ்டு மாதம் ரஷியா கவுன்சிலுக்குத் திரும்பி வந்தது. காரசாரமான வாக்குவாதத்தில் நாட்கள் கழிந்தன. வல்லரசுகள் அல்லாத ஆறு உறுப்பு நாடுகளும் தனியாக உட்கார்ந்து சமாதானத்துக்கு வழி தேடலாம் என்று ராவ் யோசனை கூறினார். அது எடுபடவில்லை.

செப்டம்பர் 15-ந் தேதி ஜெனரல் மக்ஆர்தரின் படைகள் இன்ச்சான் துறைமுகத்தில் இறங்கியதும் போரின் போக்கே மாறிவிட்டது. வடகொரியப் படைகள் பின்வாங்கி ஓடின. இப்போது கேள்வி வேறு. 38-வது அட்சரேகையைத் தாண்டி வடக்கே போவதா, வேண்டாமா?

பீகிங்கில் இந்தியத் தூதராக இருந்தவர் சர்தார் கே.எம்.பணிக்கர். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நள்ளிரவில் சீனப் பிரதமர் சூ என்லாய் அவரை அழைத்தார். அமெரிக்கப் படை அந்தக் கோட்டைத் தாண்டினால் சீனா போரில் இறங்கும் என்று சொல்லி அனுப்பினார். டெல்லி இந்த எச்சரிக்கையை அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தெரிவித்தது. வாஷிங்டன் நம்பவில்லை. அது வெறும் மிரட்டல் என்றே நினைத்தது.

அக்டோபர் 7-ந் தேதி பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. கொரியா முழுவதும் அமைதியை நிலைநாட்ட நடவடிக்கை எடுக்கலாம் என்பது அதன் வாசகம். வடக்கே போக அனுமதி என்பதே அதன் பொருள். ஆதரவு 47, எதிர்ப்பு 5, நடுநிலை 7. அந்த ஏழில் ஒன்று இந்தியா. எல்லை தாண்டினால் போர் பெருகும் என்ற ராவின் எச்சரிக்கை பதிவேட்டில் ஏறியது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மூன்றே வாரத்தில் சீன வீரர்கள் கொரிய மலைகளில் தோன்றினார்கள். நவம்பர் இறுதியில் லட்சக்கணக்கில் பாய்ந்தார்கள். வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்த படைகள் கடுங்குளிரில் தெற்கு நோக்கிப் பின்வாங்கின.

சண்டை நிறுத்தக் குழு

அப்போதுதான் ராவின் மதிப்பு உயர்ந்தது. 13 ஆசிய, அரபு நாடுகளை அவர் ஒன்று சேர்த்தார். இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, எகிப்து, ஈரான் முதலிய நாடுகள். தங்களுக்குள் ஆயிரம் தகராறு இருந்தும், போரை நிறுத்த வேண்டும் என்பதில் அவை ஒன்றாக நின்றன. சீனப் படை 38-வது அட்சரேகையைத் தாண்டி வரக்கூடாது என்று டிசம்பர் 5-ந் தேதி வேண்டுகோள் விடுத்தன. அக்டோபரில் அமெரிக்கா கோட்டைத் தாண்டக்கூடாது என்ற இந்தியா, டிசம்பரில் சீனாவுக்கும் அதையே சொன்னது.

டிசம்பர் 14-ந் தேதி, இந்த நாடுகளின் தீர்மானத்தைப் பொதுச்சபை ஏற்றது. ஆதரவு 52, எதிர்ப்பு 5, நடுநிலை 1. சண்டை நிறுத்தத்துக்கு வழி காண மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. பொதுச்சபைத் தலைவரான ஈரான் நாட்டு என்டெஸாம், கனடாவின் லெஸ்டர் பியர்சன், மூன்றாமவர் பி.என்.ராவ்.

நியூயார்க் வந்திருந்த சீனத் தூதுக் குழுவை ராவ் சந்தித்துப் பேசினார். பலன் இல்லை. தங்களைச் சபையில் சேர்க்காமல் எடுத்த முடிவு தங்களைக் கட்டுப்படுத்தாது என்று சீனா மறுத்துவிட்டது. ஜனவரி 4-ந் தேதி சீன, வடகொரியப் படைகள் சியோல் நகரை மறுபடியும் பிடித்தன.

ஆனாலும் மூவரும் விடவில்லை. முதலில் சண்டை நிறுத்தம், பிறகு அந்நியப் படைகள் படிப்படியாக வெளியேறுதல், அதன்பின் வல்லரசுகள் பேச்சுவார்த்தை என ஐந்து அம்சத் திட்டம் தயாரித்தார்கள். 1951 ஜனவரி 13-ந் தேதி அரசியல் கமிட்டியில் 50 நாடுகள் அதை ஆதரித்தன.

48 மணி நேரம்

சீனா திட்டத்தை அப்படியே ஏற்கவில்லை. மாற்று யோசனை கூறியது. அமெரிக்காவில் கோபம் பொங்கியது. சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று ஐ.நா. கண்டிக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது.

ஜனவரி 22-ந் தேதி அரசியல் கமிட்டி ஓட்டெடுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது ராவ் எழுந்தார். பணிக்கர் மூலம் பீகிங்கிலிருந்து கிடைத்த விளக்கத்தைப் படித்தார். முதலில் குறுகிய காலச் சண்டை நிறுத்தத்துக்கு உடன்படலாம் என்று சீனா இறங்கி வந்திருந்தது. இதைப் படித்துப் பார்க்க 48 மணி நேரம் கொடுங்கள், கூட்டத்தை ஒத்தி வையுங்கள் என்பது ராவின் கோரிக்கை. அமெரிக்கா எதிர்த்தது. ஓட்டெடுப்பில் ஆதரவு 27, எதிர்ப்பு 23, நடுநிலை 6. நான்கு ஓட்டு வித்தியாசத்தில் இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது.

அந்த இரண்டு நாளும் போதவில்லை. பிப்ரவரி 1-ந் தேதி பொதுச்சபையில் கண்டனத் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 44, எதிர்ப்பு 7, நடுநிலை 9. எதிர்த்த ஏழில் ஐந்து, ரஷியாவும் அதைச் சேர்ந்த நாடுகளும். மற்ற இரண்டு இந்தியாவும் பர்மாவும். பாகிஸ்தான், எகிப்து, இந்தோனேசியா, சுவீடன் முதலிய நாடுகள் நடுநிலையோடு நின்றுகொண்டன. ராவ் அரசியல் சட்டம் எழுத உதவிய பர்மா மட்டுமே இந்தியாவின் பக்கம் நின்றது.

ஒருவனைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அவனையே பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் வருவானா என்பதே ராவ் எழுப்பிய கேள்வி. அமெரிக்கப் பத்திரிகைகளில் இந்தியாவுக்குக் கடும் கண்டனம் கிளம்பியது. அப்போது இந்தியாவில் பஞ்சம். அமெரிக்கக் கோதுமைக்காக அரசு காத்திருந்த நேரம். அதைத் தெரிந்துகொண்டேதான் இந்தியா எதிராக ஓட்டளித்தது.

ராவ் பயந்தபடியே நடந்தது. பேச்சுவார்த்தை தொடங்க ஜூலை மாதம் ஆயிற்று. அதன்பின்னும் இரண்டு ஆண்டு பேச்சும் சண்டையும் சேர்ந்தே நடந்தன. எல்லைக்கோடு கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நின்றது. ஆனால் அதற்குள் மேலும் பல்லாயிரம் பேர் மாண்டு போனார்கள்.

இறுதி நாட்கள்

1952 தொடக்கத்தில் ராவ் ஹாலந்து நாட்டில் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் கோர்ட்டின் நீதிபதியானார். தொடங்கிய தொழிலுக்கே திரும்பி வந்தார். ஐ.நா.வில் அவர் விட்ட வேலையை வி.கே.கிருஷ்ண மேனன் தொடர்ந்தார். போர்க் கைதிகளை என்ன செய்வது என்பதில் பேச்சுவார்த்தை முட்டிக்கொண்டிருந்தது. 1952 டிசம்பர் 3-ந் தேதி அதற்கு வழிகாட்டும் இந்தியத் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 54, எதிர்ப்பு 5, நடுநிலை 1. இம்முறை அமெரிக்கா ஆதரித்தது. ரஷியா எதிர்த்தது.

1953 ஜூலை 27-ந் தேதி போர் நிறுத்தம் கையெழுத்தானது. ஊர் திரும்ப மறுத்த 22 ஆயிரத்துக்கும் அதிகமான கைதிகளைக் காவல் காக்க, இரு தரப்புக்கும் பொதுவான படை தேவைப்பட்டது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டது இந்தியப் படையைத்தான். கைதிகள் கமிஷனுக்குத் தலைவர் குடகில் பிறந்த ஜெனரல் திம்மய்யா. மதில்மேல் பூனை என்று இரு தரப்பும் ஏசிய நாட்டைத்தான், முடிவில் இரு தரப்பும் நம்பின.

அந்த வீரர்கள் கொரியாவில் காவல் இருந்தபோதே, 1953 நவம்பர் 30-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரில் பி.என்.ராவ் காலமானார். வயது 66.

இன்றும் தொடரும் கதை

ரத்து அதிகாரத்தால் கவுன்சில் முடங்கினால், பொதுச்சபையே அவசரமாகக் கூடிப் போர் பற்றி முடிவெடுக்கலாம் என்ற ஏற்பாடு 1950 நவம்பர் 3-ந் தேதி வந்தது. 52 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, இந்தியாவும் அர்ஜென்டினாவும் நடுநிலை வகித்தன. பொதுச்சபையின் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. உலகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான்.

அதே ஏற்பாடு இந்தியாவுக்கு எதிராகவும் திரும்பியது. 1971 டிசம்பர் 7-ந் தேதி, வங்கதேசப் போரின்போது, சண்டையை நிறுத்திப் படைகளை வாபஸ் பெற வேண்டும் என்று 104 நாடுகள் ஓட்டளித்தன. எதிர்த்தவை இந்தியாவையும் சேர்த்து 11. நடுநிலை 10. இந்தியா போரை நிறுத்தவில்லை. டிசம்பர் 16-ந் தேதி பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்த பிறகே போர் ஓய்ந்தது. சமாதானத் தீர்மானத்தில் தூரத்து நாட்டுக்கு ஒரு கணக்கு. சொந்த எல்லையில் சண்டை என்றால் வேறு கணக்கு. இது எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

2022 மார்ச் 2-ந் தேதி உக்ரைன் போர் பற்றிய தீர்மானத்தில் ஆதரவு 141, எதிர்ப்பு 5, நடுநிலை 35. இந்தியா நடுநிலை. 2023 அக்டோபரில் காசா போர் பற்றிய தீர்மானத்திலும் நடுநிலை வகித்த இந்தியா, அதே ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி உடனடிப் போர் நிறுத்தம் கோரிய தீர்மானத்தை ஆதரித்து ஓட்டளித்தது. ஒவ்வொரு முறையும் நாட்டில் விவாதம் எழுகிறது. ஏன் கை தூக்கவில்லை என்று சிலரும், ஏன் தூக்கினோம் என்று சிலரும் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விகள் முதன்முதலில் எழுந்தது பி.என்.ராவின் காலத்தில்தான். அவர் ஆதரித்த தீர்மானம் சண்டையை நிறுத்தவில்லை. எதிர்த்த தீர்மானமும் தோற்கவில்லை. ஆனால் 1951 ஜனவரியில் கேட்டு வாங்கிய அந்த 48 மணி நேரம், ஓட்டுக்கு முன்னால் ஒருமுறை எதிராளியின் பதிலைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொன்னது. மங்களூரில் பிறந்து, வெளியூரிலேயே உழைத்து, வெளிநாட்டிலேயே கண்மூடிய அந்த மனிதர் செய்த பெரிய காரியம் அது.